மஞ்சள் முடிச்சும் வெட்டாத குழியும்

பேனல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

இந்தச் சனிக்கிழமையோடு நான் நின்றுகொள்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்கள் புது ஆட்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நம் கம்பெனியில் வழக்கம். கேன்டீனில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். என்னால் முடியாது, பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒயரிங் எப்படிச் செய்வதென்று இதில் இருக்காது. அது டிராயிங்கைப் பார்த்துப் பார்த்துக் கை தானாகப் பழகிவிடும். கை பழகினாலும் பழகாதது ஒன்று இருக்கிறது. எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்தது.

ரிட்டையர் ஆகிறவர்கள்தான் இப்படியெல்லாம் பேசுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அறுபது வயதுக்காரி மாதிரிக் களைத்துப்போய்விட்டேன். என் வீட்டுக்காரர் குமரேசனை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கேன்டீன் சுவரில், மாலை போட்ட போட்டோவில் இருக்கிறாரே, அவர்தான். நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவது திமிரால் இல்லை.

நாம் செய்வது என்னவென்று உங்களுக்கு இந்நேரம் சொல்லியிருப்பார்கள். பேலன்ஸிங் மெஷின். வேகமாகச் சுற்றுகிற எந்தச் சாமானையும், பம்ப்பின் இம்பெல்லரோ மோட்டாரின் ரோட்டாரோ, அதில் ஏற்றிச் சுற்றினால் எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று காட்டிவிடும். அந்தப் பக்கம் கொஞ்சம் சுரண்டி எடுத்தால் அதிராமல் ஓடும். கோயமுத்தூரில் பம்ப் செய்கிறவர்களுக்கு இது இல்லாமல் வேலையே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் லாரி ஏறுகிற ஒவ்வொரு முறையும் பூஜை போடுவார்கள். சந்தனம், குங்குமம், பூசணிக்காய், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைப்பது ஆண்கள். பேனல் செக்ஷன் பெண்களுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். எனக்கு அது ஒரு மாதிரி இருக்கும். உள்ளே ஓடுகிற ஒயர் எல்லாம் நாங்கள் கட்டியது. எங்கள் பங்குக்கு அதில் ஒன்றுமே இல்லையா என்று தோன்றும்.

எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். அங்கே யாராவது தூரம் போனால், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று சாமிக்கு வேண்டி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைப்பார்கள். நானும் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு ரூபாயை முடிந்து, ஒயரெல்லாம் வந்து சேருகிற பேனல் பெட்டிக்குள் கீழ்மூலையில் கட்டிவிட்டேன். கட்ட நூல் இல்லை. கையருகில் கிடந்த எர்த் ஒயர்த் துண்டால் கட்டினேன். பச்சையும் மஞ்சளுமாக இருக்குமே, அது. அதுவே பிறகு பழக்கமாகிவிட்டது.

அந்த மெஷின் ஈரோட்டுக்குப் போனது. அங்கே மெஷினை இறக்கி ஓட்டிக் காட்டப் போனவர் குமரேசன். மெஷின் எங்கே போனாலும் கூடவே போய் நிறுத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி வருவதுதான் அவர் வேலை. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. திரும்பி வந்தவர் நேராக எங்கள் செக்ஷனுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, இங்க மஞ்சத்துணிக்கு எர்த் குடுத்தது யாருங்க?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை.

"அந்தக் கம்பெனி எலக்ட்ரீசியன் என்னைப் புடிச்சுட்டாருங்க. டிராயிங்ல இந்த மூட்டையக் காணமே, இதுக்குக் கனெக்சன் எங்க போகுதுன்னு கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்றது? இது டைரக்டா சாமிகிட்டப் போகுதுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

"அவுத்துப் போட்டுட்டீங்களா?" என்றேன்.

"அவுக்கறதா? அதுக்கப்புறம் அந்தாளே அதுக்கு ஒரு பொட்டு வெச்சு உட்டுட்டாருங்க."

இப்படித்தான் பேச ஆரம்பித்தோம். கல்யாணம் ஆன பிறகும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அவர் அனுப்புகிற முதல் போட்டோ அந்த முடிச்சாகத்தான் இருக்கும். 'உன்ற ஆளு பத்திரமா வந்து சேந்துட்டான்' என்று எழுதுவார்.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. நாங்கள் அதுவரை செய்ததைவிடப் பெரிய மெஷின், நுட்பமும் அதிகம். அந்த மாதிரி மெஷினில் பம்ப் சாமான் மட்டும் இல்லை, ஆயுதம் செய்கிற இடத்தில் சுற்றுகிற சாமான்களையும் ஏற்றலாமாம். அதனால் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கத்தைக் கேட்க வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஓவர்டைம் கிடைக்கும் என்பது மட்டும். முதலாளி அரசாங்கத்தைக் கேட்டார், அனுப்பலாம் என்று பதில் வந்துவிட்டது என்றார்கள். ஸ்வீட் கொடுத்தார்கள்.

மரப்பெட்டி அடிக்க ரஹீம் பாய் வந்தார். கோட்டைமேட்டுக்காரர். நம் மெஷினுக்கெல்லாம் பேக்கிங் அவர்தான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டி அடித்து முடித்ததும் வழக்கம்போல நம் கம்பெனிப் பெயரை அச்சு வைத்துப் பெயின்ட் அடிக்கப் போனார். மேனேஜர் ஓடிவந்து தடுத்தார்.

"பாய், பேரு வேண்டாம். வாங்கறவங்க பேரில்லாம அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அது ஏன் சார்? பொண்ணைக் கட்டிக் குடுக்கறோம், யார் ஊட்டுப் பொண்ணுன்னு சொல்லக் கூடாதுன்னா எப்படி?"

"பாய், பெட்டிக்குக் காசு வாங்குறீங்களா, கதைக்குக் காசு வாங்குறீங்களா?"

பாய் சிரித்துக்கொண்டே பிரஷ்ஷைக் கழுவினார். மேனேஜர் போன பிறகு என்னிடம் சொன்னார். "தங்கச்சி, இத்தனை வருசத்துல பேரில்லாத பெட்டிக்கு ஆணி அடிச்சது இன்னிக்குத்தான்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. முடிச்சுக் கட்டப் போனபோது குமரேசன் பின்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார்.

"இந்த வாட்டி என்ற காசைக் கட்டு அம்மணி. மொத மொதல்ல கடல் தாண்டிப் போறேன். மெசினோட சேத்தி என்னையும் சாமி பாத்துக்கட்டும்."

அந்தக் காசைத்தான் முடிந்தேன்.

மெஷின் கப்பலில் போய்ச் சேர்ந்ததும் அவர் விமானத்தில் போனார். போய் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம், என் போன் அடித்தது. வீடியோவில் அவர் முகம் சரியில்லை.

"மேனேஜர் போனை எடுக்கலை. உன்ற போனைக் கொண்டுபோய் அவருகிட்டக் குடு. வெசையாப் போ."

நான் ஒயரைப் போட்டுவிட்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். போனை அவர் மேஜைமேல், ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த ரூமில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"சார், இங்க குழி வெட்டலீங்க."

அவ்வளவு பெரிய மெஷினைச் சும்மா தரையில் நிறுத்த முடியாது. குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். குழி வெட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. மெஷின் போய்ச் சேரும் முன்பே அது தயாராக இருக்க வேண்டும்.

"வெட்டலீன்னா வெட்டச் சொல்லு."

"வெட்டறதுக்கு இது பாக்டரியே இல்லீங்க சார். குடோனுங்க. பெரிய கரண்டுக்கு லைன் இல்ல. ஒரு லேத்து இல்ல, ஒரு மோட்டார் இல்ல. கட்டைமேல நிறுத்தி ஜெனரேட்டர்ல ஓட்டிக் காட்டுங்கறாங்க. பெட்டியப் பிரிக்கறப்ப பலகையெல்லாம் ஒடையாம எடுத்து ஓரமா அடுக்கறாங்க சார். திருப்பி அடிக்கறவன்தான் அப்படி அடுக்குவான்."

மேனேஜர் போனையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதை என்னால் எங்கே வேண்டுமானாலும் சொல்ல முடியும்.

"குமரேசா, கவர்மென்ட்டே அனுப்பலாம்னு சொன்னதுக்கப்புறம் நாம யாரு கேக்கறதுக்கு? ஓட்டிக் காட்டு, கையெழுத்தப் போட்டுட்டு, வாங்கிட்டு வா."

"ஒருக்கா மொதலாளிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சார்."

"கேட்டாச்சுன்னு நெனச்சுக்கோ."

போன் கட்டானது. மேனேஜர் அதை என்னிடம் கொடுத்து, "வேலையப் பாரும்மா" என்றார்.

குமரேசன் கட்டைமேல் நிறுத்தி ஓட்டிக் காட்டினார். கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்தார். சாக்லேட் வாங்கி வந்திருந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த மெசின் அங்க இருக்கப் போறதில்ல அம்மணி. வேற எங்கியோ போகுது. நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

"உட்டுட்டு வந்திருக்கலாமல்லங்க?"

"டிக்கெட்டு அவங்க கையில. பாஷை தெரியாது. போன் பண்ணுனா இவரு இப்படிச் சொல்றாரு. அந்நேரத்துல போட்டுப்போட்டேன்."

அவ்வளவுதான். அவரும் அதற்குமேல் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

பிள்ளைகளே, இதில் யார் கெட்டவர் என்று தேடாதீர்கள். நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. போன ஆடியில், கரூருக்கு ஒரு மெஷினைச் சரிசெய்யப் போய்விட்டுத் திரும்பும்போது, வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம், நின்றிருந்த லாரியில் குமரேசன் வண்டி மோதியது. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது மேனேஜர்தான். எனக்கு முன்னால் வந்துவிட்டார். பாடைக்குத் தோள் கொடுத்தார். கல்யாணத்தன்று அவர் மாலை எடுத்துக் கொடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே மனிதர்தான்.

நான் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒயர் கையில் இருந்தால் அந்த நேரமாவது நகர்ந்தது. மூன்று ஷிப்ட்டும் எனக்கே கொடுத்திருந்தால் பார்த்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மெஷின் பிடிபட்டது. வேறொரு நாட்டுத் துறைமுகத்தில், வேறொரு பெயரில், போகக்கூடாத இடத்துக்குப் போகும்போது. டிவியில் வந்தது. கோயமுத்தூர் மெஷின் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில்கூடக் கேட்டார்கள், உங்க கம்பெனியா என்று. அரசாங்கத்திலிருந்து, இவர்கள் எங்களிடம் விவரத்தை மறைத்துவிட்டார்கள் என்றார்கள். கோயமுத்தூர் முதலாளிமார் எல்லாரும் சேர்ந்து, நீங்கள்தான் அனுப்பச் சொன்னீர்கள், இப்போது எங்களைத் திருடன் என்கிறீர்கள் என்றார்கள். நான் ரேஷன் கடை வரிசையில் நின்றபடி இதையெல்லாம் யாரோ ஒருவருடைய போனில் கேட்டேன்.

விசாரிக்க அதிகாரி வரப்போகிறார் என்றதும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுமதி, மெஷின்ல இருந்த பிளேட், நம்பர் எல்லாத்தையும் எவனோ தேய்ச்சு எடுத்துட்டான். ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதாம். உன்ற மஞ்ச முடிச்சு. இது என்னன்னு உன்னைக் கேப்பாங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கோயமுத்தூர்ல எந்தப் பட்டறைல மஞ்சத்துணி இல்ல? எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. அதுக்கும் மேல நம்ம மெஷின்தான்னு ஆயிடுச்சுன்னா, அங்க என்ன நடந்துச்சுன்னு குமரேசனுக்குத்தான் தெரியும். அவன் வந்து எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. அத்தோட முடிஞ்சுபோச்சு."

"அவரு சொன்னாருங்க சார். என்ற போன்லதான் சொன்னாரு. நீங்கதான் பேசுனீங்க."

"எனக்கு ஞாபகமில்லம்மா."

அவர் என் கண்ணைப் பார்க்காமல் அதைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போயிட்டவனுக்குக் கேஸு இல்ல, ஜெயிலு இல்ல. இங்க நாப்பது குடும்பம் இருக்குது. நீயும் அதுல ஒண்ணு. யோசிச்சுப் பாரு கண்ணு."

யோசித்தேன். பொய் சொல்லவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. குமரேசனே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'போகட்டும் உடு, என் பேருல எழுதிக்கட்டும்' என்று சொல்லக்கூடிய ஆள்தான். அவர் உயிரோடு இருந்து அதைச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். இல்லாதவர் சார்பில் விட்டுக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? எனக்கு மிச்சம் இருப்பது அவர் பெயர் ஒன்றுதான்.

அதிகாரி வந்த அன்றைக்குக் காலையிலிருந்து முதலாளி ரூமில் ஒரே சத்தம். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், எல்லாம் கேட்டது.

"எங்க மெஷினாவே இருக்கட்டுமுங்க, நாங்க எழுதிக் கேட்டோம். நீங்கதான் அனுப்பலாம்னீங்க."

"நீங்க சொன்ன விவரத்துக்கு அனுப்பலாம்னோம். வாங்கறவன் யாருன்னு பாக்கறது உங்க பொறுப்பு."

"வெளிநாட்டுல ஒருத்தன் நல்லவனா கெட்டவனான்னு கோயமுத்தூர்ல, இந்தக் கணபதில உக்காந்துட்டு நான் எப்படிங்க பாக்கறது? எம்பசி வெச்சிருக்கறது நானா, நீங்களா?"

"மெஷினை வித்தது யாரு? லாபம் யாருக்கு?"

"வரி யாருக்குங்க?"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி மெட்ராஸ்காரர் என்று நினைக்கிறேன், தமிழ்தான் பேசினார். மரியாதையாக உட்காரச் சொன்னார். லேப்டாப்பைத் திருப்பி போட்டோவைக் காட்டினார்.

பேனலின் உள்பக்கம். என் ஒயரிங். கீழ்மூலையில் முடிச்சு. துணி அழுக்கேறிப் போயிருந்தது. எர்த் ஒயர் மட்டும் அப்போது கட்டினது மாதிரியே இருந்தது.

"இது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தெரியுமுங்க. நான் கட்டுனது."

"மஞ்சத்துணி நிறையப் பேர் கட்டுவாங்கன்னு சொல்றாங்களே?"

"கட்டுவாங்க. எர்த் ஒயர்ல நான் ஒருத்திதான் கட்டுவேன். அன்னிக்கு நூலு இல்லீங்க, அப்படியே பழகிப்போச்சு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிடிச்ச நாட்டுக்காரங்க இதை எர்த்துக்கு உண்டான ஏதோ பார்ட்டுன்னு எழுதியிருக்காங்கம்மா. எல்லாத்தையும் தேய்ச்சவனும் அப்படி நெனச்சுத்தான் கை வைக்காம விட்டிருக்கான்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதிகாரி கேட்டார்.

"அங்க போய் இறக்கி ஓட்டிக் காட்டினது யாரு?"

"குமரேசன்னு ஒருத்தர் சார்," என்றார் மேனேஜர். "இப்ப உயிரோட இல்ல. அங்க எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. எங்ககிட்ட வேற ஒண்ணும் சொல்லலை."

"அப்ப அங்க போனவர் கவனிக்கத் தவறிட்டார்."

"அப்படித்தான் ஆகுது சார்."

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்த இரண்டு பக்கமும் சட்டென்று அமைதியாகிவிட்டது. கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. முதலாளி பெல்லை அடித்து டீ சொன்னார். அதிகாரி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். சுற்றுகிற சாமானில் கனம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டால் அது அதிராமல் ஓடுமே, அப்படி ஓடியது அந்த ரூம்.

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டீ குடித்துவிட்டால் அது முடிந்துபோன விஷயம்.

"அவரு என்ற ஊட்டுக்காரருங்க."

அதிகாரி நிமிர்ந்தார். அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அவரு சொன்னாருங்க. குழி வெட்டலை, இது பாக்டரி இல்ல, குடோனு, பெட்டிப் பலகைய ஒடையாம அடுக்கறாங்கன்னு சொன்னாரு. என்ற போன்லதான் பேசுனாரு. போனைக் கொண்டுவந்து இந்த சார் மேஜைல வெச்சது நானு."

"சுமதி," என்றார் மேனேஜர்.

"உங்களுக்கு ஞாபகமில்லீன்னு சொன்னீங்கல்ல சார், எனக்கு இருக்குது. கவர்மென்ட்டே சொன்னதுக்கப்புறம் நாம யாருன்னு கேட்டீங்க." நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை. "அவரு கையெழுத்துப் போட்டது தப்புதானுங்க. வந்து என்கிட்டயே சொன்னாரு. அது அவரு பங்கு, அதை எழுதிக்கங்க. நான் வேண்டாம்னு சொல்லலை. மிச்சத்தையும் அவரு தலையிலயே வெக்காதீங்க. மிச்சத்த அவங்கவங்க எடுத்துக்கங்க."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். நான் அதிகாரியையும் விடவில்லை.

"நீங்களும்தானுங்க. அனுப்பலாம்னு சொன்னீங்களே, ஒரு ஆள அனுப்பி அந்த எடத்தப் பாத்தீங்களா? குடோனுன்னு பாத்த ஒடனே தெரியுமுங்க."

"எல்லா இடத்துக்கும் போய்ப் பார்க்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா."

"எங்களுக்கும் அவரு ஒருத்தருதானுங்க இருந்தாரு."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

அதிகாரி நல்லவர். நான் சொன்னதையெல்லாம் டைப் அடிக்க வைத்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன்.

"அந்த முடிச்சு திரும்பக் கெடைக்குமுங்களா? அதுல இருக்கறது அவரு குடுத்த காசுங்க."

அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே நின்றார். "மெஷின் அந்த நாட்டுக்காரங்ககிட்ட இருக்கும்மா. எங்ககிட்ட இருக்கறது போட்டோ மட்டுந்தான்."

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அரசாங்கம் கம்பெனியைச் சொல்கிறது, கம்பெனி அரசாங்கத்தைச் சொல்கிறது. கேஸ் டெல்லியில் ஓடுகிறது என்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. ஓவர்டைம் போனது. மேனேஜர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று என் செக்ஷன் வாசல்வரை வந்தார், நின்றார், திரும்பிப் போய்விட்டார். உள்ளே வந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

என்னை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு உடனே டீ முடிந்துவிடும். அவர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஓவர்டைமை நம்பிச் சீட்டுப் போட்டவர்கள், பிள்ளையை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தவர்கள். ரஹீம் பாய் ஒருவர்தான் முன்போலவே பேசுகிறார். போன வாரம் ஒரு பெட்டி அடிக்கும்போது கூப்பிட்டார். "தங்கச்சி, இப்பல்லாம் பேரு அடிக்காம பெட்டிய வெளியில உட மாட்டேன்னு சொல்லிட்டேன். காசு வேணும்னா கொறச்சுக்கங்கன்னேன்." அது எனக்காகச் சொன்னது என்று தெரியும்.

குமரேசன் பெயர் கேஸில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதும் அதோடு சேர்ந்து இருக்கிறது. அது போதும் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

நடந்ததிலிருந்து கம்பெனி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அது உங்கள் செக்ஷன் வாசலிலேயே ஒட்டியிருக்கிறது, படித்திருப்பீர்கள். டிராயிங்கில் இல்லாத துணி, கயிறு, காசு எதையும் பேனலுக்குள் வைக்கக் கூடாது என்று. மெஷின் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு ஆள் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள்.

உங்களில் ஒரு பிள்ளை, தாராபுரத்துக்காரி, நேற்று என்னிடம் வந்து கேட்டாள். "அக்கா, நானு மொத மொதல்ல ஒயரிங் பண்ணுன மெசினு அடுத்த வாரம் லாரி ஏறுது. மஞ்சத்துணி கொண்டாந்திருக்கேன். நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே, கட்டலாமுங்களா?"

பக்கத்தில் ஆள் இருந்தது, நான் பதில் சொல்லவில்லை. அவள் முகம் வாடிப்போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கும் உங்கள் எல்லாருக்கும் இப்போது சொல்கிறேன்.

முதலில் போய்க் கேளுங்கள். மெஷின் போகிற இடத்தில் குழி வெட்டியாச்சா என்று. ஒயரிங் பண்ணுகிற உனக்கு எதற்கு அது என்பார்கள். சிரிப்பார்கள். வேலையைப் பார் என்பார்கள். திரும்பவும் கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு கேளுங்கள், பிறகு யாருக்கும் மறந்துபோகாது. வெட்டியாச்சு என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லட்டும்.

சொன்ன பிறகு கட்டுங்கள். நோட்டீஸ் இருந்தாலும் கட்டுங்கள். நல்ல இடத்துக்குப் போனால் சாமி பார்த்துக்கொள்ளும். கெட்ட இடத்துக்குப் போனால், இதைச் செய்தது நாங்கள்தான் என்று சொல்ல ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

என் மேஜையின் கீழ் டிராயரில் எர்த் ஒயர்த் துண்டுகள் ஒரு டப்பா நிறைய வெட்டி வைத்திருக்கிறேன். பூட்டவில்லை.

அக்கா,
சுமதி